பச்சை மரத்தில் செவ்வாழைத் தார்

என் அன்பு மேரி மதினிக்கு,

வீட்டில் நாத்தனார், வேலைக்குப் போன இடத்திலும் அதே நாத்தனார் என்று இத்தனை வருஷம் என்னைச் சகித்துக்கொண்டதற்கு முதலில் ஒரு கும்பிடு. அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். போன கையோடு எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தத் தண்ணீர் வீணாகப் போகிறது என்று சுற்றிப் பார்த்திருப்பீர்கள். சிறகு வைத்த சம்மனசுகளை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு கன்று கொடுத்துவிட்டீர்களா?

கல்லூரி மலருக்கு உங்களைப் பற்றி ஓர் அஞ்சலி எழுதித் தரச் சொன்னார் நம் புது முதல்வர். மாய்ந்து மாய்ந்து எழுதிக் கொடுத்தேன். "அன்னாரின் மறைவு ஈடு செய்ய இயலாத இழப்பு" என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டார். அவர் அடித்ததைத்தான் இப்போது உங்களுக்கே எழுதுகிறேன். கூட நாலு பேர் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீங்கள் தாவரவியல், நான் வணிகவியல். நீங்கள் என் அண்ணன் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு ராயப்பன்பட்டிக்கு வந்த நாளிலிருந்து நமக்கு ஒரே பஸ், ஒரே டிபன் கேரியர், ஒரே ஸ்டாஃப் ரூம். வீட்டில் மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா கூடாதா என்று சண்டை போட்டுவிட்டு, கல்லூரியில் போய் ஒரே கட்சியாக உட்கார்ந்துகொள்வோம். இப்போது குழம்பில் மாங்காய் போட எனக்குத் தடை சொல்ல யாரும் இல்லை. போடுகிறதே இல்லை, மதினி.

சரி, செய்திக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு உங்கள் பசுமைக் குழுவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். "மேரி மேடம் குடும்பத்திலேருந்தே ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்" என்றார் முதல்வர். அரசாங்கத்தில் கருணை அடிப்படையில் வாரிசுக்கு வேலை கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஒரு மணிபிளான்ட்டை உருப்படியாக வளர்க்கத் தெரியாதவள் நான். நீங்கள் ஊருக்குப் போன சமயத்தில் உங்கள் துளசிக்கு என் கையால் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'மாற்றத்தை எதிர்ப்பவர்களை நிர்வாகம் எப்படிக் கையாள வேண்டும்' என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது நான்தான். போர்டில் அம்புக்குறியெல்லாம் போட்டு விளக்குவேன். வீட்டில் டீத்தூளை மாற்ற முடியவில்லை. நீங்கள் அந்தப் பாடத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை, ஒரு கல்லூரியையே மாற்றிவிட்டுப் போனீர்கள்.

எப்படிச் செய்தீர்கள் என்று நினைத்துப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கேன்டீனிலும் ஹாஸ்டலிலும் பாத்திரம் கழுவிய தண்ணீர் முதல்வர் அறை ஜன்னலை ஒட்டிச் சாக்கடையாகக் கிடந்தது. இன்னொரு பக்கம், விசேஷம் என்று ஒன்று வந்துவிட்டால் தார் விட்ட வாழையாக இரண்டை வெட்டி வந்து வாசலில் கட்டுவார்கள். அடுத்த விசேஷம் வரைக்கும் அது அங்கேயே காய்ந்து தொங்கும். அந்தத் தண்ணீரை ஜல்லி, மணல், கல்வாழைப் பாத்தி வழியாகத் தெளிய விட்டு வாசலுக்குத் திருப்பி, அங்கே உயிரோடு வாழை வைத்துவிட்டால் இரண்டு கூத்தும் முடிந்தது என்பது உங்கள் கணக்கு.

ஆனால் 'மாற்றம்' என்ற வார்த்தையை ஒரு கூட்டத்திலாவது சொன்னீர்களா? மாட்டீர்கள். முதலில் கேன்டீன் பேச்சியம்மாவிடம் போய், "நாத்தம் போகணுமா வேணாமாத்தா?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்புறம் வாட்ச்மேன் பாண்டி நாற்காலிக்கு நிழல் வரும் என்று அவரைப் பிடித்தீர்கள். துறைக்கு ஒரு நாழிப்பூவன் வாழை என்று பிரித்துக் கொடுத்தீர்கள். இயற்பியல் வாழை வேதியியல் வாழையைவிட ஒரு இலை கூடுதலாக விட்டதும், டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாகச் சாணி சுமந்தார்கள்.

கடைசியாகத்தான் பழைய முதல்வரிடம் போனீர்கள். "சார், போன வாரம் ஒரு யோசனை சொன்னீகளே, வாசல்ல வாழை வைக்கலாம்னு. ரொம்ப நல்ல யோசனை சார்." அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "ஆமா, சொன்னேன்ல" என்றார். அன்றிலிருந்து அது அவருடைய திட்டம் ஆகிவிட்டது.

அதில் ஒரே ஒரு சிக்கல், நீங்கள் கூட யோசிக்காதது. அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய யோசனையும் சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. புதிதாக வந்தவர் சென்னைக்காரர். அவருக்கு அது யாரோ வைத்த வாழை.

தர மதிப்பீட்டுக் குழு வரப் போகிறது என்று தெரிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட்டை வரவழைத்தார். அந்தப் பையன் திரையில் நம் வாசலைக் காட்டினான். வாழை ஒன்றையும் காணோம். சுவரிலிருந்து சுவர் வரை செயற்கைப் புல். அதன் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாயைப் பிடித்துக்கொண்டு உலாத்துகிறது. நம் உத்தமபாளையம் ரோட்டில்!

"தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், வெட்டவே வேண்டாம். எப்பவும் பச்சையா இருக்கும் சார்" என்றான்.

"இதுதான் நிலைத்தன்மை" என்று முதல்வர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கிற வாழை காலேஜ் பேரையே மறைக்குது."

"அது பிளாஸ்டிக் சார்" என்றேன் நான்.

"பச்சை பிளாஸ்டிக், மேடம்."

துறைத் தலைவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், மதினி. சாணி சுமந்த அந்தத் தலைகளும் ஆடின. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று நீர், நிலம், வருங்காலத் தலைமுறை என்று மூச்சுவிடாமல் பேசினேன். பேச்சுப் போட்டியாக இருந்திருந்தால் முதல் பரிசு எனக்குத்தான். முதல்வர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம், நாம சஸ்டெயினபிலிட்டி பத்திப் பேசிட்டிருக்கோம்" என்றார்.

அன்று பஸ்ஸில் உங்கள் ஜன்னலோர இடத்தில் நான் உட்கார்ந்து வந்தேன். உங்களை மண்ணில் வைத்த அன்று அழாத அழுகை அப்போதுதான் வந்தது. உடம்பு படுத்திய கடைசி மாதத்தில் நீங்கள் எதையும் கேட்கவில்லை, "மரத்துக்குத் தண்ணி போகுதா அமலு?" என்பதைத் தவிர. போகுது மதினி, போகுது மதினி என்று தலையாட்டினேனே, இனிமேல் என்ன பதில் சொல்வேன்?

மறுநாள் உங்கள் வழிக்கு வந்தேன். நேரே கேன்டீன். பேச்சியம்மாவிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைப் போட்டேன். கையில் இருந்த கரண்டியோடு நிமிர்ந்தது அந்தம்மா.

"வாழைய வெட்டுனா எந் தண்ணி எங்கன போகும் டீச்சர்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று அப்பாவியாகச் சொல்லிவிட்டு வந்தேன். பதினோரு மணி டீயை அன்று பேச்சியம்மாவே முதல்வர் அறைக்குக் கொண்டு போனது. ஜன்னலைத் திறந்து காட்டி, "பழையபடி இங்கனதான் சார் வரும். முந்தி இருந்த சாரு கொசுவத்தி கொளுத்தி வச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாக" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டதாம்.

முதல்வர் பாதி இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "வாசல்ல வாழைன்னா தாரோட நிக்கணும் மேடம். மொட்டை வாழை மங்களமா இருக்காது. குழு வர்ற அன்னைக்கு ரெண்டு பக்கமும் தார் இருந்தா விட்டுடலாம். இல்லேன்னா மறுநாளே புல்லு." இத்தனை நாள் தொலைநோக்கு, வியூகம் என்று பேசிய மனுஷர் கடைசியில் வந்து நின்றது கல்யாண வீட்டுச் சாஸ்திரத்தில். நம் பக்கத்தில் அதை யார் மறுக்க முடியும்? எல்லோரும் மறுபடி தலையாட்டினார்கள்.

வாசலுக்கு வலது பக்கம் வேதியியல் வாழை, தாரோடு ஜம்மென்று நின்றது. இடது பக்கம் நம் வணிகவியல் வாழை. நீங்கள் விட்டுப்போன மாதிரியேதான். இலையாக விட்டுத் தள்ளுகிறதே தவிர, தார் விடுகிற யோசனையே அதற்கு இல்லை. நான் அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். தொலைந்த பொருளைத் தேடித் தருவாரே தவிர, வராத தாரை வரவழைப்பது அவர் இலாகா இல்லை போல. குழு வருவதற்கு முந்தின நாள் வரை மரம் அப்படியே நின்றது.

வேறு வழியில்லாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் போனதிலிருந்து பேச்சு ரொம்பக் குறைவு. தோட்டம் உண்டு, வீடு உண்டு. உத்தமபாளையம் போக வேண்டியிருந்தால்கூட நம் கல்லூரி வாசல் வழியாக வராமல் ஊரைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தார். அதனால் நானும் வளவளவென்று விளக்கவில்லை.

"அண்ணே, மதினிக்காக நல்ல தாரா ஒண்ணு வேணும். காலைல காலேசுக்கு அனுப்பி விடுங்க."

"சரித்தா" என்றார். வைத்துவிட்டார்.

காலையில் நான் உள்ளே மேடையில் திரை, மைக், பொன்னாடை என்று அல்லாடிக்கொண்டிருந்தேன். அண்ணன் தோட்டத்து வண்டி வந்தது. சருகு சுற்றிய தாரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. "இடது பக்க மரத்துல பாத்துக் கட்டிருங்க பாண்டி, கயிறு வெளிய தெரியக் கூடாது" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவரும் ஏணி போட்டு, சருகை வைத்துக் கயிற்றை மறைத்து, அசல் போலவே கட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஒரே சத்தம். ஓடி வந்து பார்த்தால், கம்பம் பஸ் வாசலுக்கு நேரே நிற்கிறது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

"ஏத்தா, இங்கன பாரு, நாழிப்பூவன்ல செவ்வாழை காச்சுருக்கு!"

"படிச்சவுக வச்ச மரம்ல, எதுவும் காய்க்கும்!"

நிமிர்ந்து பார்த்தேன். பச்சைத் தண்டு, பச்சை இலை, நடுவில் ரத்தச் சிவப்பில் ஆள் உயரத்துக்குப் பாதி வரும் செவ்வாழைத் தார். வலது பக்கம் வேதியியலின் பச்சைத் தார், விரல் விரலாக. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

"பாண்டி! செவ்வாழைன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"நல்லாத் தெரியும் மேடம். அண்ணன் அனுப்புனாக, நீங்க கட்டச் சொன்னீக. ரெண்டு பேருமா சேந்து செய்றீக, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

அவிழ்க்க ஏணியைத் தேடுவதற்குள் குழுவின் கார் வந்துவிட்டது. மூன்று பேர். அதில் ஒரு அம்மா பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். முதல்வர் பொன்னாடையை விரித்துக்கொண்டு போக, அந்த அம்மா அவரைத் தாண்டி நேரே மரத்தடிக்குப் போய் அண்ணாந்து நின்றார்.

"இது ஏது வாழை? பச்சை வாழையில செங்கதளியோ?"

நம் முதல்வருக்கு வாழை என்றால் இலைக்கு ஓரத்தில் வைக்கிற பழம், அவ்வளவுதான். ஆனால் ஆள் அசரவில்லை. கண் இமைக்காமல் சொன்னார்: "எங்க தாவரவியல் துறையோட கண்டுபிடிப்பு மேடம். ஒட்டு ரகம். மறைந்த பேராசிரியர் ஆரோக்கியமேரி உருவாக்கினது."

வாழையில் ஒட்டுக் கட்ட முடியாது என்று வருஷா வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்வீர்களே! தப்பாக எழுதுகிற பிள்ளையை வாழைத் தோப்புக்கே இழுத்துக்கொண்டு போய்த் தண்டை நறுக்கிக் காட்டுவீர்களே! நான் பேசாமல் நின்றால் இரண்டு பக்கமும் தார் இருக்கிறது, நிபந்தனைப்படி மரங்கள் பிழைத்தன. வாயைத் திறந்தால் மறுநாளே புல். ஆனால் பேசாமல் இருந்தால், இல்லாத ஒட்டு வாழையைக் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் அந்த அம்மா தலையில் ஏறிவிடும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யோசிக்க நேரம் இல்லை. என் வாய் முந்திக்கொண்டது.

"இல்ல மேடம். சணல் கயித்துல கட்டுனது. எங்க மதினி இப்படியெல்லாம் செய்ய மாட்டாக."

முதல்வர் கையில் பொன்னாடை விரித்தபடியே நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார். பிறகு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இந்த மரத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார். எதிர்பார்த்தே இராத கேள்வி. "வாங்க, காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனேன். வாழை வரிசை, கல்வாழைப் பாத்தி, மணல், ஜல்லி என்று தண்ணீர் வந்த வழியிலேயே பின்னோக்கி நடந்து கேன்டீன் பின்வாசலில் போய் நின்றோம். பாத்தித் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார் அந்த அம்மா. மூன்று பேர் ஷூவிலும் சேறு. உள்ளே குளிர்சாதன அறையில் அறுபது ஸ்லைடு காத்திருந்தது. கேன்டீன் மின்விசிறிக்கு அடியில் பேச்சியம்மா கொடுத்த நாழிப்பூவனைத் தின்றுகொண்டு அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

குழு கிளம்பிப் போகிற அன்று நடந்த கூட்டத்தில், "மற்றதெல்லாம் எங்களுக்காக ஜோடித்தது மாதிரி இருந்தது, அந்தத் தண்ணீர்ப் பாதை மட்டும் உங்களுக்காக நீங்கள் செய்துகொண்டது மாதிரி இருந்தது, அதை விட்டுவிடாதீர்கள்" என்றார்கள். முதல்வர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். எனக்கு மெமோ நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கூப்பிட்டார். போனேன். ஜன்னல் வழியாக வாழையைப் பார்த்துக்கொண்டே, "நான் அப்பவே நினைச்சேன் மேடம். வாழைதான் நம்ம அடையாளம்" என்றார்.

நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளிய மாதிரியே இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமா சார், போன வாரமே சொன்னீகளே" என்றேன். உங்கள் யோசனை இரண்டாவது முதல்வருக்கும் சொந்தமாகிவிட்டது, மதினி. கன்சல்டன்ட் பையன் மாதிரிக்கு விட்டுப்போன செயற்கைப் புல் துண்டை மட்டும் பேச்சியம்மா கேட்டு வாங்கிக்கொண்டது. அதில் இப்போது கூழ்வடகம் காய்கிறது.

இதையெல்லாம்விட முக்கியமான செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். குழு வந்த அன்று சாயங்காலம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அண்ணன். ஊர் முழுக்கப் பேச்சாகி அவர் காதுக்கும் போயிருக்கிறது. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாதவர் போல நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா இது கூத்து?"

நடந்ததைச் சொன்னேன். முதல்வர் ஒட்டு ரகம் என்று சொன்னதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

"மரத்துல கட்டவா கேட்ட? மதினிக்காகன்னுதான சொன்ன. பெரிய ஆளுக வர்றாக, அவ படத்தை மேடையில வச்சு மரியாதை பண்ணப் போறீகன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அவளுக்குப் பிடிச்ச செவ்வாழையா, தோட்டத்துலயே பெரிய தாரா வெட்டுனேன்."

எங்கள் யாருக்கும் உங்கள் படத்தை மேடையில் வைக்கத் தோன்றவே இல்லை, மதினி. பொன்னாடையை எண்ணி எண்ணிப் பார்த்தோம், அது தோன்றவில்லை. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. ஏணியில் ஏறித் தானே கட்டை அவிழ்த்து, தாரைத் தோளில் வாங்கி, உள்ளே நடந்தார். அந்தத் தண்ணீர் பாய்கிற வழியெல்லாம் நின்று நின்று பார்த்துக்கொண்டே கேன்டீனுக்குப் போய், "பழுத்ததும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க" என்று பேச்சியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் வண்டியில் ஒரு செவ்வாழைக் கன்றும் மண்வெட்டியும். "எங்கன வைக்க?" என்று கேட்டார். இடது பக்கம், வணிகவியல் வாழைக்குப் பக்கத்தில் காட்டினேன். இப்போது உத்தமபாளையம் போகும்போதெல்லாம் கல்லூரி வாசல் வழியாகத்தான் போகிறார். இறங்கி, மரத்துக்குத் தண்ணி போகுதா என்று பார்த்துவிட்டு, பாண்டியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்.

செவ்வாழை தார் விட வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரைக்கும் எந்தக் குழு வந்தாலும், மந்திரியே வந்தாலும், வாசலின் இடது பக்கம் தார் இல்லாமல்தான் நிற்கும். மங்களக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். கயிறு வாங்கித் தர மாட்டேன், இது சத்தியம். இந்த முதல்வர் மாறிப் போய் அடுத்தவர் வந்தால், அவரிடமும் போய் "சார், போன வாரம் ஒரு யோசனை சொன்னீகளே" என்று ஆரம்பிப்பேன். எனக்குப் பிறகு அதைச் சொல்ல உங்கள் துறையில் ஒரு பெண்ணைப் பழக்கி வருகிறேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

தார் விட்டதும் முதல் சீப்பை அண்ணனும் நானும் உங்கள் கல்லறைக்கு எடுத்து வருகிறோம். அன்று வீட்டில் மீன் குழம்பு. மாங்காய் போட மாட்டேன்.

மரத்துக்குத் தண்ணி போகுது, மதினி.

உங்கள் பிடிவாதக்கார நாத்தனார்,
அமலு